என் பெட்டியை நீ ஏன் திருத்தினாய்

இன்று காலை என் வாத்தியப் பெட்டியின் மூடியைத் திறந்ததும் தேன்மெழுகு வாசனை வந்தது. புது மெழுகு. நல்ல வாசனைதான். வேறு யார் வீட்டிலாவது வந்திருந்தால் ரசித்திருப்பேன். எனக்கு இப்போது அந்த வாசனை வந்தாலே பல்லைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

‘அன்புள்ள’ என்று போட்டுத் தொடங்கினேன், அடித்துவிட்டேன். அன்பு இல்லாமல் இல்லை. ஆனால் அதை முதலில் வைத்தால் நான் சொல்ல வந்ததை நீ பாதிதான் கேட்பாய். உன்னிடம் சண்டை போடுகிறவர்கள் கொஞ்சம் சிரித்துவிட்டால் போதும், “சரி விடு, டீ போடு” என்று நீ கதையை முடித்துவிடுவாய். இந்தத் தடவை டீ கிடையாது.

நீ போய் அப்போது இரண்டு வாரம் இருக்கும். உன் மருமகள் எஸ்தர் மழைக்கோட்டோடு என் வாசலில் வந்து நின்றாள். கையில் என் பெட்டி.

“டீச்சர், திண்டுக்கல் பாய் கடையில இருந்து இவங்க போய் வாங்கிட்டு வந்தாங்க. அத்தை குடுத்து வச்சிருந்தாங்களாம். உங்களுதுதானே?”

என்னுடையதுதான். துருத்தியின் ஒரு மூலையில் காற்று கசிகிறது என்று நீ எடுத்துப்போன என் கன்சர்ட்டினா, இரண்டு கைக்கும் நடுவே துருத்தி விரியும் அந்தச் சின்ன வாத்தியம். “ஆர்மோனியம் ரிப்பேர் பண்ற பாய்ட்ட குடுத்தா வெரசா ஒட்டிக் குடுத்துருவாரு. எனக்கு மலைக்குக் கீழ ஒரு சோலி கெடக்கு, குடு” என்று வாங்கிக்கொண்டு பஸ் ஏறினாய். அது திரும்பி வருவதற்குள் நீ போய்விட்டாய். பஜாரில் பூண்டியிலிருந்து வந்த கேரட்டுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தவள் அப்படியே உட்கார்ந்தாயாம். அந்தக் காய்க்காரப் பெண் இன்னும் என்னைப் பார்த்தால் அழுகிறாள்.

அந்த ஞாயிறு உனக்கு நினைவு ஆராதனை. நீ நடத்திய பாடகர் குழு நீ இல்லாமல் பாட வேண்டும். நடுவில் நான் வாசிக்க வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். உனக்குப் பிடித்த கீர்த்தனையை வாசிப்பதாகச் சொல்லியிருந்தேன். எஸ்தரை உட்காரச் சொல்லிவிட்டு, அவள் முன்னாலேயே பெட்டியை எடுத்துக் கைவார்களில் கையை நுழைத்தேன். ஒரு பொத்தானை அழுத்தித் துருத்தியை உள்ளே தள்ளினேன். ஒரு ஸ்வரம் வந்தது. வெளியே இழுத்தேன்.

அதே ஸ்வரம் வந்தது.

அடுத்த பொத்தான். தள்ளினேன், இழுத்தேன். அதே கதை. இருபது பொத்தானையும் பார்த்தேன். எஸ்தர் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பயந்துபோய்க் கேட்டாள், “சரியா ரிப்பேர் ஆகலையா டீச்சர்?”

உனக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் விளக்குவேன். நம் வாழ்நாளெல்லாம் போட்ட சண்டைதான், இன்னொரு தடவை கேள். இப்போது உன்னால் குறுக்கே பேச முடியாது.

என் பெட்டி ஆங்கிலோ வகை. மவுத் ஆர்கன் மாதிரி. ஊதினால் ஒன்று, உறிஞ்சினால் வேறொன்று. ஒரு பொத்தானைப் பிடித்துத் தள்ளினால் ச, இழுத்தால் ரி. அடுத்ததில் தள்ளினால் க, இழுத்தால் ம. அதற்கடுத்ததில் ப, த. மூன்று விரலுக்குள் ஆறு ஸ்வரம் அடங்கிவிடும். விரல் அதிகம் ஓட வேண்டாம், ஆனால் கை ஓய முடியாது. இருவர் சேர்ந்து மரம் அறுக்கும் ரம்பம் போல முன்னும் பின்னும் போய்க்கொண்டே இருக்க வேண்டும். அதனாலேயே அதில் ஒரு துள்ளல் வரும். வேண்டாம் என்றாலும் வரும். ஆட்டப்பாட்டுக்கு அதைப் போல ஒன்று கிடையாது.

உன்னுடையது இங்கிலீஷ் வகை. உன்னோடு வேலைபார்த்த வெள்ளைக்கார டீச்சர் ஊருக்குத் திரும்பும்போது உனக்கு விட்டுப்போனது. தள்ளினாலும் இழுத்தாலும் ஒரே ஸ்வரம்தான். ஆனால் ச இடது கையில் இருக்கும், ரி வலது கையில், க மறுபடி இடது கையில். ஓர் உரலில் இரண்டு பெண்கள் மாற்றி மாற்றிக் குத்துவது போல இரண்டு கையும் முறைவைத்து ஒரே பாட்டைப் பேசும். துருத்தியை எங்கே திருப்புவது என்பது வாசிப்பவளின் இஷ்டம். பாடுகிறவர்கள் மூச்சு வாங்கும் இடம் பார்த்து நீ திருப்புவாய். இழுத்துப் பாடும் கீர்த்தனைக்கு அது எவ்வளவு பொருத்தம் என்பதை நான் எப்போதாவது மறுத்திருக்கிறேனா? ஒரு நாளும் இல்லை. நீதான் என்னுடையதை ஒத்துக்கொள்ளவே இல்லை.

“உன் பெட்டி எங்கடி பாடுது, நொண்டியடிக்குது” என்பாய்.

“உன்னுது தூங்குது” என்பேன்.

ஆசிரியர் ஓய்வறையில் ஒரு மத்தியானம் நாம் பெட்டிகளை மாற்றிக்கொண்டது ஞாபகம் இருக்கிறதா? கணக்கு டீச்சர் பந்தயம் கட்டினார்கள். உன் இங்கிலீஷ் பெட்டியை வாங்கி நான் ஒரு பொத்தானை அழுத்தி இழுத்தேன். வேறு ஸ்வரம் வரும் என்று கை எதிர்பார்த்தது, வரவில்லை. மாடிப்படி முடிந்துவிட்டது தெரியாமல் இன்னொரு படி இருப்பதாகக் காலை வைத்தவள் போல ஆகிவிட்டேன். நீ என் பெட்டியில் பிறந்தநாள் பாட்டை ஆரம்பித்தாய். மூன்றாவது வார்த்தையிலேயே ஏதோ கோழி கத்துவது போல ஆனது. பாதியில் துருத்தியில் காற்றும் தீர்ந்துபோனது. காற்றை மட்டும் விடுவதற்குப் பெருவிரலுக்குத் தனிப் பொத்தான் இருக்கிறது என்பதே உனக்குத் தெரியாது.

“ஏ புள்ள, இத எப்படித்தான் கட்டி மேய்க்கிற?” என்று நீ கத்தினாய்.

“கட்டல. அதுவா மேயுது” என்றேன். கணக்கு டீச்சர் சிரித்த சிரிப்பில் டிபன் டப்பா கீழே விழுந்தது.

அன்றைக்கு நாம் இரண்டு பேரும் ஒன்றைப் புரிந்துகொண்டோம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஒரு வகை எளிது, ஒரு வகை கடினம் என்பது பெட்டியில் இல்லை, முதலில் எதில் கை பழகியதோ அதில் இருக்கிறது. அதை நான் புரிந்துகொண்டேன். நீ வேறு ஏதோ புரிந்துகொண்டிருக்கிறாய்: என் பெட்டியில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று.

பிறகு ஒரு கோடையில், பள்ளிக்கு விருந்தாளியாக வந்த ஒருவர் மூன்றாவது வகை ஒன்றைக் கொண்டுவந்தார். டூயட். அதிலும் தள்ளினாலும் இழுத்தாலும் ஒரே ஸ்வரம், உன்னுடையதைப் போல. ஆனால் கீழ் ஸ்வரம் எல்லாம் இடது கையில், மேல் ஸ்வரம் எல்லாம் வலது கையில். இடது கை பாத்திரத்தைப் பிடித்துக்கொள்ள, வலது கை பரிமாறுவது போல. வலது கை பாட்டை வாசிக்கும், இடது கை துணைக்கு நிற்கும். அவர் இரண்டு நாள் அதை உன்னிடம் கொடுத்துவைத்தார். நீ சாப்பாட்டை மறந்தாய்.

“இதுதான்டி சரியானது. உன்னுதும் இல்ல, என்னுதும் இல்ல. மொதல்ல இது மட்டும் நம்ம கையில கெடச்சிருந்தா சண்டையே வந்திருக்காது.”

“எனக்குச் சண்டை பிடிக்கும்” என்றேன்.

நீ கேட்கவில்லை. அவர் அதை எடுத்துக்கொண்டு போனபோது நீ பஸ் ஸ்டாண்டு வரை போய் வழியனுப்பியது மனிதரையா, பெட்டியையா என்று எனக்கு அப்போதே சந்தேகம்.

எஸ்தர் உட்கார்ந்திருந்த அந்தக் காலையில் நான் என் பெட்டியை இடது ஓரத்திலிருந்து ஒவ்வொரு பொத்தானாக அழுத்திக்கொண்டே வந்தபோது எனக்குப் புரிந்துவிட்டது. இடது பக்கம் பத்தும் கீழிருந்து மேலே வரிசையாக ஏறின. வலது பக்கம் பத்தும் அதற்கு மேலே ஏறின. நீ என் ஆங்கிலோவை டூயட்டாக மாற்றிவிட்டாய். உள்ளே இருந்த உலோக நாக்குகளையெல்லாம், நாம் ரீடு என்று சொல்கிறோமே, அவற்றைக் கழற்றிவிட்டு வேறு ரீடு வைத்து, மெழுகு ஊற்றி ஒட்டச் செய்திருக்கிறாய்.

“அத்தை ஏதோ சர்ப்ரைஸ்னு சொன்னாங்க டீச்சர்,” எஸ்தர் மெல்லச் சொன்னாள். “உங்க தோள் வலிக்கு நல்லதுன்னு சொன்னாங்க.”

தோள் வலி உண்மைதான். போன வருஷம் வழுக்கி விழுந்ததிலிருந்து இடது தோள் இறுகிப்போய்க் கிடக்கிறது. ஆங்கிலோவை இழுத்து இழுத்துத் தள்ளும்போது கண்ணில் தண்ணீர் வரும். அதை நீ பார்த்திருக்கிறாய். “ஏண்டி இப்படிக் கஷ்டப்படுற?” என்று கேட்டிருக்கிறாய். “என் தோள், என் சோலி” என்று நான் பதில் சொல்லியிருக்கிறேன். அதோடு பேச்சு முடிந்தது என்று நினைத்தேன். உனக்கு அது முடியவில்லை.

நான் நியாயமாக நடந்துகொள்ளப் பார்த்தேன். பிள்ளைகளுக்குப் புதுப் பாடம் வந்தால் முகம் சுளிக்கக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தவள் நான். எஸ்தர் போன பிறகு நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டு, அந்தப் புதுப் பெட்டியை ஒரு பாடமாக எடுத்துக்கொண்டேன். இரண்டு நாள் உட்கார்ந்தேன். சொல்லிவிடுகிறேன், கேட்டுக்கொள்: எளிதாகத்தான் இருந்தது. துருத்தியை மெதுவாக ஒரே இழுப்பாக இழுத்துக்கொண்டே ஒரு வரி முழுவதையும் வாசிக்க முடிந்தது. தோள் வலிக்கவில்லை. கீர்த்தனை வழுக்கிக்கொண்டு போனது. பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப்பார்த்து, “இன்னைக்கு ரொம்ப நல்லா இருக்குங்க டீச்சர்” என்றாள். எனக்கு அவளை அடிக்கலாம் போல இருந்தது.

பிறகு அப்பாவின் பாட்டை எடுத்தேன்.

அதைப் பற்றி உனக்குத் தெரியும். அப்பா இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து எங்களைக் கூட்டிக்கொண்டு கப்பலேறியபோது தகரப் பெட்டி ஒன்று, இந்தப் பெட்டி ஒன்று. தேயிலை ஆலையில் மெஷின் ஓட்டியவரிடம் பழகியது அந்த ஊர் ஆட்டப்பாட்டான பைலாவின் துள்ளல். பூண்டி வெள்ளைப்பூண்டுக் காட்டில் நாளெல்லாம் குனிந்துவிட்டு வந்து, கை கழுவியும் போகாத பூண்டு வாசனையோடு வாசிப்பார். “பெட்டிய அழ விடக் கூடாது மகள், கதைக்க விடணும்” என்பார். ஒரு ரீடை அவரே பிளேடால் சுரண்டிச் சுரண்டிக் கொஞ்சம் தாழ்த்தி வைத்திருந்தார். மேல் ஸ்தாயியில் இழுக்கும்போது மட்டும் அது லேசாக முனகும். சரிசெய்யச் சொல்லி நீ எத்தனை தடவை சொல்லியிருப்பாய்.

அந்தப் பாட்டை என் கை ஆரம்பித்தது. தள்ளு, இழு, தள்ளு, இழு. கேள்வி கேட்டால் பதில் வராமல் அதே கேள்வி திரும்பி வருவது போல இருந்தது. ஒரு ஸ்வரம் இரண்டிரண்டு தடவை ஒலித்துக்கொண்டு நின்றது. பொத்தான்களை மாற்றித் தேடி, விரலால் அந்தப் பாட்டைப் பொறுக்கி எடுத்துவிடலாம் என்று பார்த்தேன். அது நடக்கவில்லை. அந்தப் பாட்டுக்கு வேண்டிய ஒரு ஸ்வரமே இப்போது பெட்டியில் இல்லை. இருபது பொத்தானில் முன்பு நாற்பது ரீடும் வேறு வேறு வேலை செய்தன. தள்ளினாலும் இழுத்தாலும் ஒன்றையே சொல்ல வைத்துவிட்டால் பாதிப் பேச்சு போகத்தானே செய்யும்? இது உனக்குத் தெரியாதா? தெரியும். கீர்த்தனைக்கு இது போதும் என்று நினைத்திருப்பாய். உனக்குப் போதும்.

எனக்கு அப்போது எந்த ஞாபகம் வந்தது தெரியுமா? மேல்மலையிலிருந்து விடுதிக்கு வந்த அந்தச் சின்னப் பெண், இடது கையால் எழுதினாளே, அவள். தலைமையாசிரியை அவள் இடது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு உட்காரச் சொன்னார். நான் தயங்கித் தயங்கி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தேன். நீ நேராக அறைக்குள் போனாய். “கை அவளோடது மேடம். எழுத்து நல்லா இருக்கில்ல? அப்புறம் என்ன?” என்று கேட்டாய். வராந்தா முழுக்கக் கேட்டது. அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் நான் உன் சிநேகிதி ஆனேன். அதே வாய்தான் திண்டுக்கல் கடையில் உட்கார்ந்து, என் கையைக் கட்டச் சொல்லியிருக்கிறது. வேறு யாராவது இதைச் செய்திருந்தால் விவரம் தெரியாமல் செய்தார்கள் என்று விட்டிருப்பேன். நீயா?

டூயட் வேண்டுமென்றால் உன் பெட்டியை மாற்றியிருக்கலாமே. உன் கண்ணுக்கு முன்னால் உன் பெட்டி இருந்தது. அதைத் தொடவில்லை. உன் ஆசைக்கு என் பெட்டிதான் கிடைத்தது.

நினைவு ஆராதனைக்கு நான் பெட்டியைக் கொண்டுபோகவில்லை. வெறுங்கையோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். குழு துணைக்கு எதுவும் இல்லாமல் பாடியது. நீ பழக்கிய இடத்தில்தான் எல்லோரும் மூச்சு வாங்கினார்கள். ஒருவர் பின் ஒருவராக எழுந்து உன் பொறுமையைப் பற்றியும் விட்டுக்கொடுக்கும் குணத்தைப் பற்றியும் பேசினார்கள். விட்டுக்கொடுக்கும் குணம்! முந்தானையை இரண்டு கையாலும் முறுக்கினேன். இரண்டு பக்கமும் இருந்தவர்கள் துக்கம் என்று நினைத்து ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டார்கள். அது கோபமடி. அழுகையாகத் தெரிந்ததெல்லாம் கோபம்.

வெளியே வந்ததும் எஸ்தர் என்னைப் படிக்கட்டு ஓரமாகக் கூட்டிப்போனாள். “அத்தை அன்புலதான் செஞ்சாங்க டீச்சர். தப்பா எடுத்துக்காதீங்க.”

“அன்புலதான் செஞ்சா. அதனாலதான் என்னால யாருகிட்டயும் சொல்லக்கூட முடியல.”

 எஸ்தர் திடீரென்று சிரித்தாள். “எங்க வீட்டு அடுக்களைல உப்பு எங்க கெடக்குன்னு இப்பவும் எனக்குத் தெரியாது டீச்சர். நான் ஒரு எடத்துல வைப்பேன், நான் குனிய வேண்டாம்னு அவங்க ஒரு எடத்துல வைப்பாங்க. இன்னைக்கு வெள்ளனே எந்திரிச்சு நாந்தான் எல்லாத்தையும் மறுபடி அடுக்கினேன். அடுக்கி முடிச்சிட்டு, கைய வச்சா உப்பு இல்ல. அத்தை வச்ச எடத்துக்கே கை போகுது.” சிரித்துக்கொண்டே இருந்தவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன். ஆனால் உன் மேல் எனக்குக் கோபம் குறையவில்லை. ஏறியது. அந்தப் பெண்ணையுமா?

அடுத்த வாரம் பெட்டியை எடுத்துக்கொண்டு திண்டுக்கல் போனேன். வத்தலக்குண்டில் பஸ் மாறும்போது, பெட்டி இருந்த பை இடது தோளில் தொங்கி உயிரைப் பிடுங்கியது. வலது தோளுக்கு மாற்றவில்லை. உன்மேல் இருந்த கோபத்தில் மாற்றவில்லை. முட்டாள்தனம்தான்.

பாய் என்னைப் பார்த்ததும் எழுந்து ஸ்டூலைத் தட்டிப் போட்டார். முகமெல்லாம் பெருமை. “வாங்க டீச்சர்! பெட்டி எப்படி, பேசுதா? அந்தம்மா இப்படித் திடீர்னு போவாங்கன்னு யாரு கண்டா.”

“என்ன பாய் செஞ்சீங்க?”

“சரி பண்ணேன் டீச்சர். மொதல்ல தொறந்து பாத்தப்ப தள்ளுனா ஒண்ணு, இழுத்தா ஒண்ணு. ஏதோ ஒரு ரீடு கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன். பாத்தா எல்லாமே அப்படித்தான் கெடக்கு. எவன்டா இத செஞ்சவன், குடிகாரனான்னு நெனச்சேன். அந்தம்மாதான் சிரிச்சிக்கிட்டே, அது அப்படித்தான் பாய், இனிமே இப்படி வைங்கன்னு பக்கத்துல உக்காந்து ஒவ்வொண்ணா பாடிக் காமிச்சாங்க.”

“பழைய ரீடெல்லாம் எங்க?”

அவர் கையில் இருந்த ஸ்க்ரூ டிரைவரைத் துடைக்க ஆரம்பித்தார். “நான் பொட்டலம் கட்டிக் குடுத்தேன் டீச்சர். சத்தியமா. அவங்கதான் வேணாம்னுட்டாங்க.”

“வேணாம்னா?”

“‘பழசு இருந்தா அவ பழசுக்கே போயிருவா பாய், போட்டுருங்க’ன்னாங்க. உலோகச் சாமான் எடுக்குற ஆளு வந்தப்ப போட்டுட்டேன்.”

நான் கடையை விட்டு இறங்கித் தெருவில் போய் நின்றேன். எதிரே கரும்புச்சாறு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நீ என்னை எவ்வளவு நன்றாக அறிந்து வைத்திருந்தாய் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நான் திரும்பிப் போவேன் என்று உனக்குத் தெரியும். தெரிந்துதான் வழியை அடைத்தாய். அப்பா பிளேடால் சுரண்டிய அந்த ரீடும் அதிலே போனது. எந்தக் கம்பியாகவோ எந்தத் தாழ்ப்பாளாகவோ உருகிப்போயிருக்கும். தோள் வலியைப் பார்த்தவள் அதைப் பார்க்கவில்லை. அல்லது பார்த்தாயோ? ‘கெட்டுப்போன ஸ்வரம்’ என்று எப்போதும் சொல்வாயே, அது ஒழிந்தது என்று ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டிருப்பாய். இல்லை என்று நீ வந்து சொல்ல முடியுமா? முடியாது. உன்னைக் கேட்காமலே நான் உன்மேல் குற்றம் சுமத்திக்கொண்டிருக்கிறேன் பார். என்னைக் கேட்காமல் செய்தவளுக்கு அது போதும்.

திரும்பிப் போய் ஸ்டூலில் உட்கார்ந்தேன். “பாய், ஆர்மோனிய ரீடே போடுங்க. ஆனா முன்ன இருந்த மாதிரி இருக்கணும். தள்ளுனா ஒண்ணு, இழுத்தா ஒண்ணு.”

“போடலாம் டீச்சர். எந்தப் பொத்தானுக்கு எந்த ஸ்வரம், அத மட்டும் சொல்லுங்க.”

வாயைத் திறந்தேன். கீழ்வரிசையில் பாதிக்குமேல் சொல்லத் தெரியவில்லை. அத்தனை வருஷம் வாசித்தவளுக்குத் தெரியவில்லை. “நீ கண்ணால படிக்கல, காதால படிக்கல, முழங்கையால படிச்சவ” என்று நீ கேலி செய்வாயே, அது முழு உண்மை. கடைசியில், தப்பு ஸ்வரம் கேட்டு என் கை தடுமாறாமல் இருக்க, பாய் ரீடையெல்லாம் கழற்றிவிட்டு, ஊமைப் பெட்டியை என் கையில் மாட்டினார். நான் அப்பாவின் பாட்டுகளை வாயால் பாடிக்கொண்டே, சத்தமே வராத பெட்டியை இழுத்து இழுத்துத் தள்ளினேன். காற்று மட்டும் புஸ் புஸ் என்று போனது. பாய் குனிந்து விரலையும் துருத்தியையும் பார்த்துச் சாக்பீஸால் பலகையில் குறித்துக்கொண்டே வந்தார்.

“நில்லுங்க, நில்லுங்க டீச்சர். இது தள்ளுறப்பவா, இழுக்குறப்பவா?”

“பாத்துக்கிட்டுத்தானே இருக்கீங்க?”

“நீங்க பாட்டுக்கு ஆடிக்கிட்டே போறீங்க. நான் ஸ்வரத்தப் பாப்பனா, உங்க தோளப் பாப்பனா? மறுபடி பாடுங்க.”

தபலா தோல் மாற்ற வந்திருந்த ஒருவர் வாசலில் நின்று தலையைச் சொறிந்தார். “ஏன் பாய், சத்தம் வராத பெட்டிக்கு டீச்சரே சத்தம் குடுக்குறாங்களா?” என்று கேட்டார். மூன்று பேரும் சிரித்தோம். சிரிக்கும்போது தோளில் யாரோ ஆணி அறைந்தது போல இருந்தது. ஆனாலும் கடைசிப் பொத்தான் வரை போனேன்.

நேற்றுத்தான் பெட்டி வந்தது. இன்று காலை திறந்து, அப்பாவின் பாட்டை வாசித்தேன். ஒவ்வொரு ஸ்வரமும் அதனதன் இடத்தில் வந்தது. தள்ளினால் ஒன்று, இழுத்தால் ஒன்று. துள்ளல் இருக்கிறது. குரல்தான் வேறு. ஆர்மோனியக் குரல். வேறு யாரோ அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு நடப்பது போல இருந்தது. பாட்டு பாதி தாண்டும்போது தோள் பிடித்துக்கொண்டது. துருத்தி விரிந்தபடி மடியில் கிடக்க, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மீதிப் பாட்டை வாசிக்கவில்லை. வாசிக்க முடியவில்லை.

என் தோளைப் பற்றி நீ கணித்தது சரி. டூயட் எளிது என்பதும் சரி. அவ்வளவையும் ஒத்துக்கொள்கிறேன், என் கோபம் கொஞ்சமும் குறையாமல் ஒத்துக்கொள்கிறேன். நீ என்னிடம் கேட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் தெரியுமா? முடியாது என்று சொல்லியிருப்பேன். நாலு வார்த்தை கூடவே சொல்லியிருப்பேன். ஒரு வாரம் உன்னோடு பேசாமல், கோயிலில் வேறு பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். பிறகு மறுபடி டீ குடித்திருப்போம். நான் பிடிவாதமாக ஆங்கிலோவையே இழுத்துக்கொண்டிருந்திருப்பேன். பிறகு ஒருநாள், தோள் அறவே தாங்காத ஒருநாள், யாரும் சொல்லாமல் நானே பெட்டியைத் தூக்கிக்கொண்டு உன் வீட்டுக்கு நடந்து வந்திருப்பேன். “சரிடி, உன் டூயட்டா மாத்திக் குடு” என்று சொல்லியிருப்பேன். நீ ஜெயித்த திமிரில் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பாய். நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். அந்த நாள் என்னுடையது. அதை வெரசாக முடித்துவிடலாம் என்று நீ எடுத்துக்கொண்டாய்.

அந்த நாள் வரத்தான் போகிறது. இன்று காலை தோள் சொன்னதைப் பார்த்தால் அதிகம் தள்ளி இல்லை. அன்றைக்கு இந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் யார் வீட்டுக்குப் போவேன்?